இயங்குதள ஆய்வகத்துக்கு எந்த ப்ராஜெக்டுகளைத் தேர்ந்தெடுப்பது?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இணைவுக் கல்லூரி ஒன்றில் நான்காம் செமஸ்டர் மாணவர்களுக்கு இயங்குதளப் பாடத்தையும் அதன் ஆய்வகத்தையும் நடத்தி வருகிறேன். வரும் செமஸ்டரில், வாரத்துக்கு ஒன்று என்று இதுவரை நடத்திவந்த சிறு பயிற்சிகளுக்குப் பதிலாக மூன்று பெரிய ப்ராஜெக்டுகளைக் கொடுத்துப் பார்க்கத் துறைத்தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். எவற்றைக் கொடுப்பது என்று முடிவு செய்யுமுன் உங்கள் அனுபவத்தைக் கேட்க விரும்புகிறேன்.

மாற்றம் ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது மாணவர்கள், பிராசஸ்களை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை) எந்த வரிசையில் ஓடவிடுவது என்று தீர்மானிக்கும் எஃப்.சி.எஃப்.எஸ்., எஸ்.ஜே.எஃப்., ரவுண்ட் ராபின் ஆகிய முறைகளுக்கு சி மொழியில் நிரல் எழுதுகிறார்கள். ஒவ்வொரு பிராசஸும் ஓட எடுக்கும் பர்ஸ்ட் டைமை விசைப்பலகையில் வாங்கி, ஒரு அரேயில் போட்டு, வரிசைப்படுத்தி, காத்திருப்பு நேரத்தின் சராசரியைக் கணக்கிட்டு, எது எப்போது ஓடியது என்று காட்டும் கான்ட் சார்ட்டைக் கோடுகளாலும் எண்களாலும் அச்சிடுகிறார்கள். பிராசஸ்கள் ஒன்றுக்கொன்று காத்து முடங்கிவிடாமல் தவிர்க்கும் பேங்கர்ஸ் அல்காரிதமும் அப்படித்தான். மூன்று மேட்ரிக்ஸ், சில கழித்தல்கள், கடைசியில் ஒரு பாதுகாப்பான வரிசை. அவுட்புட்டை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதும் அந்த வாரம் முடிந்துவிடுகிறது. சென்ற வைவாவில், எல்லாப் பயிற்சிகளையும் பிழையின்றி முடித்திருந்த ஒரு மாணவியிடம், "உன் நிரலில் பிராசஸ் என்பது எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, ஐந்து முழு எண்கள் இருந்த அரேயைக் காட்டினாள். அவள் சொன்னது தவறில்லை. நான் கொடுத்திருந்த பயிற்சியில் அதைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை.

என் சூழ்நிலை இது. 62 மாணவர்கள், இரண்டு பேட்ச். வாரத்தில் தொடர்ச்சியாக இரண்டு பீரியட், மொத்தம் 15 வாரங்கள், அவற்றில் இன்டர்னல் தேர்வுகளுக்கு இரண்டு வாரம் போய்விடும். ஆய்வகத்தில் 4 ஜிபி நினைவகம் கொண்ட 32 கணினிகள் உள்ளன. மாணவர்கள் முதலாண்டில் சி படித்தவர்கள். ஆனால் நினைவக முகவரியைச் சுட்டும் பாயின்டர் என்றால் பாதிப் பேருக்கு இன்னும் தயக்கம் உண்டு. கற்பிக்க நானும் ஓர் ஆய்வக உதவியாளரும் மட்டுமே. கற்பித்தலுக்கான சிறு இயங்குதளங்களான எக்ஸ்வி6, பின்டோஸ், நாசோஸ், ஓடும் லினக்ஸில் ஏற்றும் மாட்யூல், முதல் வரியிலிருந்து சொந்தமாக ஒரு சிறு கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) என்று ஐந்து வழிகள் கண்ணில் படுகின்றன. எதில் கை வைக்கலாம்?

நிழல்நினைவகம் எழுதியது:

உங்கள் பதிவைப் படித்தபோது, ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் நின்றிருந்த இடம் நினைவுக்கு வந்தது. நானும் இதே கான்ட் சார்ட்டில் தொடங்கியவள்தான். அதன்பிறகு எக்ஸ்வி6ஐ வைத்து ஆய்வகத்தை நடத்தி வருகிறேன் என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முன்பே சொல்லிவிடுவது நேர்மை.

முதல் வரியிலிருந்து கெர்னல் எழுதும் வழியை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். ஆர்வமுள்ள இரண்டு மாணவர்கள் விடுமுறையில் செய்ய அது அருமையான வேலை. 62 பேர் கொண்ட வகுப்பில், கெர்னலை ஏற்றும் பூட்லோடரிலும் அதைக் கோக்கும் லிங்கர் ஸ்கிரிப்டிலும் பத்து வாரம் கரைந்து, திரையில் ஓர் எழுத்து தெரிவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். நாசோஸ் 1992இல் பெர்க்லியில் கற்பித்தலுக்காகவே உருவாக்கப்பட்டது. அதில் கெர்னலே லினக்ஸில் ஒரு சாதாரண நிரலாக ஓடும். பயனர் நிரல்கள் மட்டும் அதற்குள் இருக்கும், மிப்ஸ் என்ற செயலியைப் போல நடிக்கும் சிமுலேட்டரில் ஓடும். பிழை தேடுவதற்கு அது வசதிதான். ஆனால் கெர்னலும் வன்பொருளும் தொட்டுக்கொள்ளும் இடம் மாணவர் கண்ணுக்கு மறைந்துபோகிறது. சி++ வேறு தெரிந்திருக்க வேண்டும்.

பின்டோஸ் எனக்கு மிகவும் பிடித்தது. 2004இல் ஸ்டான்ஃபோர்டில் எழுதப்பட்டது; த்ரெட் (ஒரு நிரலுக்குள் தனித்து ஓடும் இழை), பயனர் நிரல்கள், மெய்நிகர் நினைவகம், கோப்பு அமைப்பு என்று நான்கு பெரிய ப்ராஜெக்டுகள். அதன் முதல் ப்ராஜெக்டில் வரும் தூக்கப் பயிற்சியைப் போல அழகாக அமைந்த ஆய்வகப் பயிற்சி குறைவு: கொடுக்கப்பட்ட நிரலில் ஒரு த்ரெட் தூங்குவதாகச் சொல்லிக்கொண்டே விழித்திருந்து, நேரமாகிவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும், அதை உண்மையாகவே தூங்க வைப்பது மாணவரின் வேலை. முன்னுரிமை உயர்ந்த த்ரெட் காத்திருக்கும்போது, அதைத் தடுத்து நிற்கும் தாழ்ந்த த்ரெட்டுக்கு அந்த முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுப்பது அடுத்து வரும் ப்ரையாரிட்டி டொனேஷன்; அதைச் சொல்லிக்கொடுக்கும்போது, 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி ஏன் மீண்டும் மீண்டும் ரீசெட் ஆனது என்ற உண்மைச் சம்பவத்தையும் சொல்லலாம். ஆனாலும் பின்டோஸை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றாவதும் நான்காவதும் இரண்டாவதன் மேல் ஏறி நிற்பதுதான் காரணம். இரண்டாவது ப்ராஜெக்ட் ஓடாத குழுவால் மூன்றாவதைத் தொடவே முடியாது. உதவி ஆசிரியர்கள் பத்துப் பேர் இருக்கும் இடத்தில் அதைச் சமாளித்துக்கொள்வார்கள். நீங்கள் இருவர்.

எக்ஸ்வி6 அப்படியில்லை. மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில் 2006இல், 1975ஆம் ஆண்டு யூனிக்ஸ் ஆறாம் பதிப்பை முன்மாதிரியாகக் கொண்டு, இன்றைய சி மொழியில் எழுதினார்கள். 2019இல் அதை எக்ஸ்86 செயலிவகையிலிருந்து ரிஸ்க்-ஃபைவ் செயலிவகைக்கு மாற்றினார்கள். கெர்னல் முழுவதையும் அச்சிட்டால் ஒரு மெல்லிய நோட்டுக்குள் அடங்கிவிடும். மாணவர் ஒவ்வொரு ப்ராஜெக்டையும் தொடாத, ஓடுகிற ஒரு கெர்னலிலிருந்து தொடங்கலாம். முந்தையதில் தோற்றவருக்கும் அடுத்ததில் வாய்ப்பு உண்டு. ஐஐடி பம்பாயின் இயங்குதளப் பாடத்திலும், ஐஐடி மெட்ராஸ் சார்பில் என்பிடெல் இணையக் கல்வித் தளத்தில் வந்த பாடத்திலும் எக்ஸ்வி6ஐப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதால், தமிழ்நாட்டு மாணவருக்கு விழியங்களும் கிடைக்கும்.

எந்தக் கெர்னல் என்பதைவிட எந்த ப்ராஜெக்ட் என்பதே முக்கியம். நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றுதான்: மாணவர் தவறாகப் புரிந்துகொண்டு எழுதினால் கணினி அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். கான்ட் சார்ட் பயிற்சியில் தவறு செய்தால் ஒரு சராசரி மாறும். அதை ஆசிரியர்தான் கண்டுபிடிக்க வேண்டும். காப்பி-ஆன்-ரைட் ஃபோர்க் ப்ராஜெக்டில் அப்படியில்லை.

அதைச் சற்று விளக்குகிறேன். ஃபோர்க் என்பது ஒரு பிராசஸ் தன்னைப் போலவே ஒரு குழந்தைப் பிராசஸை உருவாக்குவது. எக்ஸ்வி6இன் ஃபோர்க், பெற்றோர் பிராசஸின் நினைவகம் முழுவதையும் குழந்தைக்கு நகலெடுக்கும். அதற்குப் பதிலாக இருவரும் நினைவகத்தின் ஒரே பக்கங்களை, அதாவது சம அளவுத் துண்டுகளை, பகிர்ந்துகொண்டு, யார் முதலில் எழுதுகிறார்களோ அவர்களுக்கு மட்டும் அந்த நேரத்தில் நகலெடுத்துக் கொடுக்க வேண்டும். 128 எம்பி நினைவகம், பக்கத்துக்கு 4096 பைட், ஆக 32,768 பக்கங்கள்; ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை வைத்துக்கொள்ள வேண்டும். எழுதவேண்டிய நிரல் நூறு, நூற்றைம்பது வரிகளுக்கு மேல் போகாது. ஆனால் ஒவ்வொரு தவறுக்கும் ஒரு முகம் உண்டு. ஃபோர்க்கின்போது எண்ணிக்கையை ஏற்ற மறந்தால் கட்டளைகளை வாங்கும் ஷெல்லின் டாலர் குறி வருவதற்கு முன்பே, முதலில் தொடங்கும் இனிட் பிராசஸ் வெளியேறுகிறது என்று சொல்லிக் கெர்னல் பானிக் ஆகி நின்றுவிடும். குழந்தை எக்ஸெக் செய்து வேறொரு நிரலாக மாறியபோது பெற்றோரின் பக்கங்களும் சேர்ந்து விடுவிக்கப்பட்டதே காரணம். குறைக்க மறந்தால் எல்லாமே ஒழுங்காக ஓடுவதுபோலத் தோன்றும். கடைசியில் எக்ஸ்வி6உடன் வரும் யூசர்டெஸ்ட்ஸ் சோதனை நிரல், காலிப் பக்கங்கள் சில காணவில்லை என்று அறிவிக்கும். கெர்னலே பயனர் பக்கத்தில் எழுதும் காப்பிஅவுட் என்ற இடத்தை மறப்பவர்கள்தான் மிக அதிகம். அங்கே கெர்னல், எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற பேஜ் டேபிளைத் தானே நடந்து பார்த்து எழுதுவதால், நகலெடுக்க நினைவூட்டும் பேஜ் ஃபால்ட் என்ற குறுக்கீடு எழாது.

எக்ஸ்வி6ஐ எழுதியவர்கள் இன்னொரு நல்ல காரியமும் செய்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தை விடுவிக்கும்போது அதை 01 என்ற பைட்டுகளால் நிரப்புகிறார்கள். புதிதாகக் கொடுக்கும்போது 05 என்ற பைட்டுகளால் நிரப்புகிறார்கள். என் மாணவர்களில் ஒரு ஜோடி இரண்டு நாள் பிழைதேடும் கருவியான டீபக்கரோடு போராடிவிட்டு என்னிடம் வந்தது. திரையில் 05 05 05 05 என்று ஒரு வரி முழுக்க இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் பக்கங்களை ஒதுக்கும் கோப்பைத் திறந்து, இந்த எண் இங்கே எங்காவது வருகிறதா என்று தேடிப் பார்க்கச் சொன்னேன். அரை நிமிடத்தில் இருவருமே, "மேடம், இது எங்கள் பக்கமே இல்லை, வேறு யாருக்கோ போய்விட்டது" என்றார்கள். பக்கத்தை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற அந்த எண்ணிக்கை எதற்கு என்று அதன்பிறகு அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மலைக்கோட்டை எழுதியது:

மேடம் சொல்வதை மதிக்கிறேன். இருந்தாலும் மறுபக்கத்தையும் ஒருவர் வைக்க வேண்டும். நான் 12 ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். லினக்ஸ் மாட்யூல்களைத்தான் கொடுக்கிறேன். நம் மாணவர்கள் வேலைக்குப் போகும் இடத்தில் அவர்கள் சந்திக்கப்போவது லினக்ஸ். தாங்கள் எழுதிய மாட்யூலை ஏற்றியதும், கெர்னலின் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்பு முறைமையில் தங்கள் பெயரில் ஒரு கோப்பு முளைத்து, அதைத் திறந்தால் ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸ்களின் பட்டியல் வருவதைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சியை வேறெதிலும் நான் கண்டதில்லை.

எந்தப் பிராசஸ் எப்போது ஓடுவது என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் பாடத்துக்கும் இப்போது லினக்ஸிலேயே வழி பிறந்திருக்கிறது. 2007இல் 2.6.23 பதிப்பில் வந்த சி.எஃப்.எஸ். ஷெட்யூலரின் இடத்தை 2023இல் 6.6 பதிப்பில் ஈ.ஈ.வி.டி.எஃப். எடுத்துக்கொண்டது. 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பிலிருந்து ஷெட்-எக்ஸ்ட் என்ற வசதி மூலம், கெர்னலை மீண்டும் கம்பைல் செய்யாமலே, கெர்னலுக்குள் பாதுகாப்பாக ஓடும் பி.பி.எஃப். நிரலாக நமக்கு வேண்டிய ஷெட்யூலரை எழுதி ஏற்றலாம். அது தவறாக நடந்துகொண்டால் கெர்னல் அதை வெளியேற்றிவிட்டுப் பழைய ஷெட்யூலருக்குத் திரும்பிவிடும். உண்மையான இயங்குதளத்தில், உண்மையான சுமையின்கீழ் மாணவர் எழுதிய ஷெட்யூலர் ஓடும்போது, ஐம்பது ஆண்டு பழைய யூனிக்ஸின் மறுபதிப்பில் ஏன் நிற்க வேண்டும்?

நிழல்நினைவகம் எழுதியது:

சார், ஷெட்-எக்ஸ்ட் குறித்து உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். மேலே படிக்க விரும்பும் மாணவர்களுக்கு நானும் அதைக் காட்டுகிறேன். ஆனால் நான்காம் செமஸ்டரில் என் கவலை வேறு. லினக்ஸ் இரண்டு கோடி வரிகளைத் தாண்டிய கெர்னல். அதில் மாட்யூல் எழுதும் மாணவர், இந்த ஃபங்ஷனை இப்படி அழைத்தால் இது கிடைக்கும் என்று ஒரு மாதிரியைப் பின்பற்றுகிறார். அந்த அழைப்புக்குப் பின்னால் இருப்பதைத் திறந்து பார்க்கச் சொன்னால் பத்தாவது கோப்பில் தொலைந்துவிடுகிறார். எக்ஸ்வி6இல் ஷெட்யூலர் என்பது 64 இடங்கள் கொண்ட பிராசஸ் அட்டவணையைச் சுற்றிவரும் ஒரே ஒரு லூப். ஒரு மதிய நேரத்தில் அதைப் படித்து முடிக்கலாம். படித்து முடிக்கக்கூடியது என்ற உணர்வு ஒருமுறை கிடைத்துவிட்டால், லினக்ஸைப் பிறகு அச்சமின்றித் திறப்பார்கள் என்பதை என் மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. மாட்யூல் ஏற்ற, கணினியின் முழு அதிகாரமான ரூட் அனுமதி வேண்டும். பொது ஆய்வகக் கணினிகளில் அதைக் கொடுக்க முடியாது. மெய்நிகர் கணினிக்குள் இன்னொரு லினக்ஸை ஓட்டுவதற்கு 4 ஜிபி நினைவகம் திணறும்.

மலைக்கோட்டை எழுதியது:

நினைவகக் கணக்கு சரிதான். எங்கள் ஆய்வகத்தில் 16 ஜிபி இருப்பதால் அதை நான் யோசிக்கவில்லை. காவிரிக்கரை சார் இருக்கும் நிலையில் மாட்யூல் பயிற்சியை நானும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் ப்ராஜெக்ட் முடிந்தபின் ஒரே ஒரு வகுப்பிலாவது, தாங்கள் எக்ஸ்வி6இல் மாற்றிய அதே பகுதி லினக்ஸில் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று காட்டுங்கள். மாணவர்கள் பொம்மையில் விளையாடினோம் என்று நினைத்துக்கொண்டு போய்விடக் கூடாது.

பழையமாணவி எழுதியது:

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தரவுச் சேமிப்பு மென்பொருள் எழுதும் பணியில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். கல்லூரியில் நான் செய்த இயங்குதளப் பயிற்சிகளில் இன்றும் கை மறக்காதது ஒன்றே ஒன்று: ஒரு சிறு ஷெல் எழுதியது.

அது கெர்னலைத் தொடாத ப்ராஜெக்ட். கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளில் ஃபோர்க், எக்ஸெக், வெயிட், பைப், டூப், க்ளோஸ் ஆகிய ஆறு சிஸ்டம் கால்களே போதும். முதல் வாரத்திலேயே ஏதோ ஒன்று ஓடும். பிறகு ஒன்றன் வெளியீட்டை மற்றொன்றுக்கு அனுப்பும் பைப்பால் இரண்டு கட்டளைகளை இணைக்கும்போது, எல்லாமே சரியாக எழுதப்பட்டிருப்பதாகத் தோன்றியும் நிரல் நின்றுவிடும். என் ஷெல்லில் கோப்பு ஒன்றை வேர்ட்-கவுண்ட் கட்டளைக்கு அனுப்பினால் எண்ணிக்கை வரவே வராது. ஒரு மாலை முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பைப்பின் எழுதும் முனையைப் பெற்றோர் பிராசஸ் மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அது திறந்திருக்கும்வரை இன்னும் யாரோ எழுதக்கூடும் என்று கெர்னல் நம்புவதால், படிக்கும் பக்கத்துக்குக் கோப்பின் முடிவு வந்து சேரவில்லை. ஒரு வரி க்ளோஸ் சேர்த்ததும் எண் வந்து விழுந்தது. திறந்த கோப்பையோ பைப்பையோ குறிக்கும் கோப்பு விவரிப்பான் என்பது வெறும் எண் இல்லை, ஒரு பொருளின்மீது பல பேருக்கு இருக்கும் பிடி என்பதை அந்த மாலையில்தான் புரிந்துகொண்டேன். அலுவலகத்தில் இதே பிழையை, பெரிய உருவில், இரண்டு முறை சந்தித்துவிட்டேன்.

பாயின்டரில் தயக்கம் உள்ளவர்கள் பாதிப் பேர் என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர்களை நேராகப் பேஜ் டேபிளில் இறக்கிவிடாதீர்கள். முதல் ப்ராஜெக்ட் பயனர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

நிழல்நினைவகம் எழுதியது:

இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மிகச் சரி. அதையும் எக்ஸ்வி6க்குள்ளேயே செய்யலாம் என்பது கூடுதல் வசதி. பைப்புகளைச் சங்கிலியாகக் கோத்துப் பகா எண்களைச் சலித்தெடுக்கும் பயிற்சி ஒன்றை எம்.ஐ.டி.யின் ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஒரு பிராசஸ்; தன் எண்ணால் வகுபடாதவற்றை அடுத்தவருக்குத் தள்ளிவிடும். எக்ஸ்வி6இல் ஒரு பிராசஸ் 16 கோப்புகளுக்கு மேல் திறந்து வைத்திருக்க முடியாது. எந்த முனையையும் மூடாமல் எழுதும் மாணவரின் நிரல் 2, 3, 5, 7, 11, 13 என்று அச்சிட்டுவிட்டு அடுத்த பைப்பைத் திறக்க முடியாமல் நின்றுவிடும். ஏன் 13இல் நிற்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி ஆகியவற்றுக்கு 0, 1, 2 ஏற்கெனவே போய்விட்டன. மீதி 13 இடங்களில் பைப்புக்கு இரண்டு வீதம் ஆறு பைப்புகள்தான் கொள்ளும். விரல்விட்டு எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள்.

லேப்_பொறுப்பாளர் எழுதியது:

ஆய்வகக் கணினிகளைப் பராமரிக்கும் பக்கத்திலிருந்து சில செய்திகள். இவற்றை முதல் வாரத்துக்கு முன்பே சரிபார்த்துக்கொண்டால் ஆசிரியரின் இரண்டு வகுப்புகள் மிஞ்சும்.

எக்ஸ்வி6இன் புதிய பதிப்பு, தன்னை ஓட்டும் கணினிப் போலி நிரலான க்யூஈமு 7.2 அல்லது அதற்கு மேற்பட்டது இருக்க வேண்டும் என்று கம்பைல் விதிகள் உள்ள மேக்ஃபைலிலேயே சோதிக்கிறது. லினக்ஸின் உபுண்டு 22.04 வெளியீட்டில் வருவது 6.2. அதனால் நேற்றுவரை ஓடியது இன்று புதிதாக இறக்கியதும் ஓடவில்லை என்ற புகார் நிச்சயம் வரும். உபுண்டு 24.04 அல்லது டெபியன் 12 போட்டுவிட்டால் தொல்லையில்லை. ரிஸ்க்-ஃபைவ் கம்பைலரும் க்யூஈமுவும் தொகுப்புகளாகவே கிடைக்கின்றன. எதையும் மூலத்திலிருந்து கட்டவேண்டியதில்லை. ஓர் ஆண்டுக்கு ஒரே பதிப்பை உறைய வைத்து, கல்லூரி சர்வரில் வைத்துக்கொண்டு, அங்கிருந்தே எல்லோரும் எடுக்கட்டும். இணையம் போனாலும் வகுப்பு நடக்கும். 4 ஜிபி தாராளமாகப் போதும்.

க்யூஈமுவிலிருந்து வெளியேற கன்ட்ரோல்-சி வேலை செய்யாது. அது உள்ளே ஓடும் எக்ஸ்வி6க்குப் போய்விடும். கன்ட்ரோல்-ஏ அழுத்திவிட்டுப் பிறகு எக்ஸ் அழுத்த வேண்டும். இதைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, செமஸ்டர் முடியும்வரை அழிக்காமல் விடுங்கள். பிழை தேடும்போது ஒரே ஒரு சிபியுவோடு ஓட்டச் சொல்லுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் மூன்று சிபியுக்களோடு ஓடும், பிழை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் தலைகாட்டும். ஒரு சிபியுவில் சரியாக ஓடியபின் மூன்றில் ஓட்டிப் பார்க்கட்டும்.

ஒவ்வொரு ஜோடிக்கும் சர்வரில் நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ஒரு கிட் களஞ்சியம் திறந்து கொடுங்கள். வாரக் கடைசியில் கமிட் இல்லாத ஜோடி யார் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஆறாம்செமஸ்டர் எழுதியது:

வணக்கம் சார். சென்ற ஆண்டு வேறொரு கல்லூரியில் எக்ஸ்வி6 ஆய்வகத்தை முடித்த மாணவன் நான். மாணவர் பக்கத்திலிருந்து இரண்டு விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, இந்த ப்ராஜெக்டுகள் எல்லாவற்றுக்கும் விடை இணையத்தில் இருக்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால் காப்பி-ஆன்-ரைட்டை அப்படியே எழுதிக் கொடுத்துவிடும். எங்கள் வகுப்பில் நான்கு பேர் குழுவாகச் செய்தோம். உண்மையில் ஒருவர் எழுதினார், மூன்று பேர் ரெக்கார்டு எழுதினார்கள். நான் அந்த மூன்று பேரில் ஒருவனாக முதல் ப்ராஜெக்டில் இருந்தேன். மதிப்பெண் வந்தது, ஆனால் இரண்டாவது ப்ராஜெக்ட் வந்தபோது கோப்புகளின் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு இரவில் தனியாக உட்கார்ந்து, புதிய சிஸ்டம் கால் ஒன்றைச் சேர்க்க எந்தெந்த ஐந்து கோப்புகளைத் தொட வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினேன். குழு வேண்டாம், இருவர் போதும் என்பது என் வேண்டுகோள்.

இரண்டாவது, நிரல் எழுதச் சொல்வதற்கு முன் படிக்க நேரம் கொடுங்கள் சார். ப்ராஜெக்ட் தாளைக் கொடுத்த அன்றே எழுதத் தொடங்கியவர்கள்தான் எங்கள் வகுப்பில் விடையைத் தேடி இணையத்துக்குப் போனார்கள். எங்கே கை வைப்பது என்றே தெரியாதபோது வேறு வழி தோன்றாது.

நிழல்நினைவகம் எழுதியது:

தம்பி, நீங்கள் வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. மதிப்பீட்டைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். உங்கள் பதிவு அதை எளிதாக்கிவிட்டது.

நான் ஒப்படைக்கப்பட்ட நிரலுக்கு 40 விழுக்காடு மட்டும் கொடுக்கிறேன். தானியங்கிச் சோதனைகள் அதைப் பார்த்துக்கொள்ளும். மீதி 60 வைவாவுக்கு. அது வாய்ப்பேச்சாக இல்லாமல் கணினியின் முன் நடக்கும். ஜோடியில் ஒருவர் வெளியே நிற்க, மற்றவர் தங்கள் நிரலைத் திறப்பார். நான் ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, இதை நீக்கினால் என்ன நடக்கும் என்று கேட்பேன். ஒரு தாளில் எழுதிவிட்டு, நீக்கி, கம்பைல் செய்து, ஓட்டிக் காட்ட வேண்டும். ஊகம் தவறிப்போனால் மதிப்பெண் போகாது. ஏன் தவறியது என்று அடுத்த ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தால் முழு மதிப்பெண். நிரலை எங்கிருந்து எடுத்தாலும் இந்தப் பதினைந்து நிமிடத்தைக் கடன் வாங்க முடியாது. 62 பேருக்கு ஒரு ப்ராஜெக்டுக்குப் பதினைந்தரை மணி நேரம் ஆகும் என்பது உண்மைதான். ரெக்கார்டு நோட்டுத் திருத்தும் நேரத்தை அதற்குக் கொடுத்துவிடலாம் என்று துறைத்தலைவரிடம் கேட்டுப் பாருங்கள்.

படிக்கும் நேரம் பற்றிச் சொன்னதும் சரி. பின்டோஸிலிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரு பழக்கம் வடிவமைப்புத் தாள். எந்தத் தரவு அமைப்பைச் சேர்க்கப்போகிறோம், ஒரே நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் எந்த லாக் அதைக் காக்கும், இரண்டு சிபியு ஒரே நேரத்தில் அங்கே வந்தால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்த பிறகே விசைப்பலகையில் கை வைக்கலாம்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் யோசித்து, துறைத்தலைவரிடமும் பேசி, கீழ்க்கண்டவாறு முடிவு செய்திருக்கிறேன்.

முதல் நான்கு வாரம் ஷெல்லும் பகா எண் சங்கிலியும், இரண்டும் எக்ஸ்வி6க்குள். அடுத்த நான்கு வாரம் ஷெட்யூலர். காப்பி-ஆன்-ரைட்டை நேராக இரண்டாவதாக வைக்கத்தான் முதலில் நினைத்தேன். பாயின்டர் தயக்கத்தை எண்ணி, நடுவில் எளிதான ஒரு படி தேவை என்று பட்டது. அதனால் லாட்டரி ஷெட்யூலிங்கைத் தேர்ந்தெடுத்தேன். பிராசஸ் தன்னிடம் எத்தனை டிக்கெட் என்று சொல்ல ஒரு புதிய சிஸ்டம் கால், யார் எத்தனை டிக் (கடிகாரத் துடிப்பு) ஓடினார்கள் என்று சொல்ல இன்னொன்று, அந்த ஒரே லூப்பில் சீட்டுக் குலுக்கல். 30, 20, 10 டிக்கெட் வைத்திருக்கும் மூன்று பிராசஸ்களை ஓடவிட்டு வரைபடம் போட்டால் 3:2:1 என்ற விகிதம் தெரிய வேண்டும். கணினி காட்டிக்கொடுக்க வேண்டும் என்ற அளவுகோலுக்கு இது பொருந்துகிறது.

கடைசி ஐந்து வாரத்துக்கு மாணவர் விருப்பம்: காப்பி-ஆன்-ரைட் அல்லது பெரிய கோப்புகள். இரண்டாவதில், இப்போது 268 பிளாக்குகளோடு நின்றுவிடும் கோப்பின் அளவை பிளாக்குகளின் முகவரிப் பட்டியல்களைச் சுட்டும் இரட்டை மறைமுக பிளாக் ஒன்றைச் சேர்த்து 65,803 ஆக்க வேண்டும். நினைவகத்தில் கை வைக்கத் தயங்குபவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

பழைய பயிற்சிகளை முழுவதும் கைவிடவில்லை. அவை எழுத்துத் தேர்வில் வருகின்றன. எனவே வகுப்பறையில் தாளில் செய்கிறோம். முதலில் வந்த பக்கத்தை முதலில் வெளியேற்றும் முறையில், நினைவக ஃபிரேம்களைக் கூட்டினாலும் பேஜ் ஃபால்ட் கூடிவிடும் பெலாடி முரணுக்கு நிரல் தேவையில்லை: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையைக் கரும்பலகையில் எழுதி, மூன்று ஃபிரேமுக்கு 9 ஃபால்ட், நான்கு ஃபிரேமுக்கு 10 என்று கையால் போட்டுப் பார்ப்பதே போதுமானது.

காவிரிக்கரை எழுதியது:

ஏழாவது வாரம் முடிந்திருக்கிறது. நேற்று நடந்ததை இங்கே எழுத வேண்டும் என்று தோன்றியது.

பகா எண் சங்கிலியில் பெரும்பாலான ஜோடிகள் 13இல் நின்றார்கள், மேடம் சொன்னபடியே. ஷெட்யூலர் ப்ராஜெக்டில் நேற்று முதல் வரைபடங்கள் வந்தன. ஒன்பது ஜோடிகளின் வரைபடத்தில் மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. 30 டிக்கெட் வைத்திருந்த பிராசஸும் 10 டிக்கெட் வைத்திருந்த பிராசஸும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் ஓடியிருந்தன. குலுக்கல் எண் சரியாக வரவில்லை என்று எண்ணி, அந்த ஃபங்ஷனையே சிலர் மூன்று முறை மாற்றி எழுதியிருந்தார்கள். நானும் முதல் பத்து நிமிடம் அந்த இடத்தில்தான் பிழையைத் தேடினேன்.

கடைசி வரிசையில் இருந்த ஒரு ஜோடி, எந்தச் சிபியுவில் எந்தப் பிராசஸ் ஓடுகிறது என்பதையும் சேர்த்து அச்சிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூன்று பிராசஸ், மூன்று சிபியு. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சிபியுவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குலுக்கலில் போட்டியிட வேறு யாருமே இல்லை. ஒரே சிபியுவோடு ஓட்டச் சொல்லி லேப்_பொறுப்பாளர் எழுதியிருந்ததை ப்ராஜெக்ட் தாளில் சேர்க்க மறந்துவிட்டேன். சிபியுவை ஒன்றாக்கி ஓட்டியதும் மூன்று கோடுகளும் பிரிந்து விசிறி போல விரிந்தன. பக்கத்து ஜோடிகள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

வகுப்பு முடிந்து வெளியே வரும்போது அந்த ஜோடியில் ஒருத்தி கேட்டாள்: "சார், சிபியு இரண்டாக இருந்தால் 3:2:1 வருமா? 30 டிக்கெட் உள்ளதுக்கு அதன் பங்கு முழுவதும் கிடைக்க வேண்டுமென்றால், அது ஒரு சிபியுவில் ஒரு நொடிகூட இறங்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமே. ஒவ்வொரு டிக்கிலும் குலுக்கல் நடக்கும்போது அது எப்படி முடியும்?" மொத்தம் இரண்டு சிபியு, அதில் பாதி ஒரு முழுச் சிபியு என்ற கணக்கை அவளே போட்டிருந்தாள். விடையை நான் சொல்லவில்லை. என்ன விகிதம் வரும் என்று இருவரும் தனித்தனியே வடிவமைப்புத் தாளின் பின்பக்கத்தில் எழுதி, மடித்து என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை ஓட்டிப் பார்க்கிறோம்.